என்னா டயரு?

போன ஞாயிற்றுக்கிழமை பத்து தீகா பக்கம், மோட்டார் லேன் ஓரமாகச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு, கையெல்லாம் கரியாக நின்றுகொண்டிருந்தேன். கடந்துபோன சைக்கிள்காரர்கள் அத்தனை பேரும் தங்கமானவர்கள். வேகத்தைக் குறைத்தார்கள், துக்க முகம் காட்டினார்கள், "அண்ணே, என்னா டயரு?" என்று கேட்டார்கள், போய்விட்டார்கள். டியூப் வேண்டுமா, பம்ப் இருக்கிறதா என்று ஒரு வாய் கேட்கக்கூடாதா? பெயரைச் சொன்னதும் "ஆங்... அதான்" என்று தலையாட்டல் வேறு. பின்னால் வந்த ஒருவரிடம் வேண்டுமென்றே வேறொரு பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் "அதான்".

2011-இல் மான்செஸ்டர் சைக்கிள் பந்தயத்தில் நம் மலேசிய வீரர் அஜிசுல்ஹஸ்னி அவாங் விழுந்தபோது, ஓடுதளத்து மரச் சிராய் ஒன்று ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குக் கெண்டைக்காலில் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. மனிதர் அதோடு ஏறி மிதித்து மூன்றாவதாக முடித்தார். நம் ஆள் ஒருவர் அங்கே இருந்திருந்தால் ஸ்ட்ரெச்சரை நிறுத்தி என்ன டயர் என்று விசாரித்திருப்பார்.

எந்த டயர் நல்லது என்று கடைசியில் சொல்லிவிடுகிறேன். முதலில் குற்றவாளியைப் பிடிப்போம். குத்தியது ஆணியுமில்லை, முள்ளுமில்லை. மெல்லிய கம்பித் துணுக்கு. துறைமுகத்துக்குப் போகும் லோரிகளின் டயர் வெடிக்கும்போது, உள்ளே இருக்கும் எஃகு வலை பிய்ந்து சாலையெங்கும் கொட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாது. சைக்கிள் டயரின் உட்புறத்தை விரலால் தடவினால் விரலைக் குத்தித் தெரிவிக்கும். டயரைக் குத்தியதே இன்னொரு டயர்தான்.

இத்தனைக்கும் மூலகாரணம் ஜான் பாய்ட் டன்லப். பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை வைத்தியர். மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்குகிறதென்று காற்றடைத்த டயர் செய்து, 1888-இல் காப்புரிமையும் வாங்கினார். பையன் கொஞ்சம் குலுங்கினால்தான் என்ன? அதே 1888-இல் ரிட்லி என்ற தாவரவியலாளர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தார். ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள் என்று கண்ட துரையையெல்லாம் நச்சரித்ததில் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர். துரைமார் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். போட்டுக்கொண்டார்கள். காட்டை அழித்தார்கள், பால்மரம் நட்டார்கள், வெட்ட ஆள் தேடினார்கள், நாகப்பட்டினத்தில் எங்கள் தாத்தா கப்பலேறினார். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஒட்டுப்பாலைக்கூட விடாமல் உரித்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தார். அது ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் (1972-க்குப் பிறகுதான் அது கிள்ளான் துறைமுகம்) ஏறி, சீமைக்குப் போய் டயரானது. டன்லப் வீட்டுப் பிள்ளை குலுங்காமல் போகத் தாத்தா கடல் கடந்தார்; நான் பத்து தீகாவில் நிற்கிறேன். எங்கள் குடும்பத்துக்கே ஆகாத மனிதர்.

டயருக்கு வருகிறேன். ஏறக்குறைய பஞ்சரே ஆகாத டயர் இருக்கிறது: ஷ்வால்பே மாரத்தான் பிளஸ். மேல்தோலுக்கு அடியில் 5 மில்லிமீட்டர் ரப்பர். கம்பியின் அப்பனே வந்தாலும் அத்தனை சுலபத்தில் நுழையாது. அதைப் போட்டுக்கொண்டு மேடேறினால், பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல் திரும்பிப் பார்க்கத் தோன்றும். கேட்டர்ஸ்கின் என்ற டயர் நடுவாந்திரம், ஆனால் ஈரத்தில் நம்பாதே என்கிறார்கள். ஈரத்தில் நம்பக்கூடாதாம்! மழையில்லாத சாயங்காலமாகப் பார்த்துப் பயிற்சி செய்ய இது என்ன ராஜஸ்தானா? ஈரத்திலும் பிடித்து, வேகமாகவும் ஓடும் டயர், ஒன்றே 200 வெள்ளியைத் தாண்டும். அதையும் கம்பி குத்தும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைத் தம்பி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். "டியூப்லெஸ்ஸுக்கு மாறிடுங்கண்ணே. உள்ள பால் ஊத்திட்டா ஓட்டை தானா அடைச்சுக்கும்" என்று ஒரு குப்பியைக் குலுக்கினான். வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தேன். எனக்கா தெரியாது அந்த நெடி? ரப்பர் பால்! எங்களிடம் வாளி வாளியாக வாங்கிப்போனதை இத்துனூண்டு குப்பியில் அடைத்துத் திருப்பி நமக்கே விற்கிறான் தம்பி, எங்கள் தாத்தா காப்பாரில்... என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே," என்றான், "சின்ன பாட்டலா, பெரிய பாட்டலா?"