கே.கே. நகர்க் கூலன்ட் ஒழுக்கு: மூலபாடமும் இடைச்செருகலும்

காரில் கூலன்ட் குறைகிறது. எங்கே போகிறது என்று தெரியவில்லை. இவ்விரு கூற்றுகளுள் முன்னது எளிதில் நிறுவத்தக்கது. பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் டப்பாவில் மேலொரு கோடும் கீழொரு கோடும் தெரியும். நீர்மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தால் குறைந்திருக்கிறது என்பது துணிபு. பின்னதே இக்கட்டுரைக்கு வாழ்வளித்தது.

ஆய்வு எல்லை: முனுசாமி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், வேப்பமரத்தடியில் நிற்கும் பழைய டீசல் கார் ஒன்று. எண் பலகை டி.என். 09 என்று தொடங்குவதால், இது கே.கே. நகர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே பெயர் பதிந்த, மரபு வழுவாத வண்டி. தில்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. இங்கே 15 ஆண்டு முடிந்தாலும் தகுதி பார்த்து இன்னும் 5 ஆண்டு கொடுப்பார்கள். தமிழ் மண்ணில் தொன்மைக்கு மரியாதை உண்டு.

முன்னோர் ஆய்வுகளைத் தொடாமல் மேலே செல்வது மரபன்று. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரை ஓட்டிச் சென்றபோது, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். ‘குறைந்தால் ஊற்று’ என்னும் கொள்கையின் முதல் ஆசிரியர் அவரே; டிக்கியில் கேன் வைத்துக்கொண்டு அலையும் நம்மூர் ஓட்டுநர்கள் அவருடைய மாணாக்கர் பரம்பரை. 1900-இல் வில்ஹெல்ம் மேபாக் செய்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 குழாய்கள் இருந்தன. இதற்கும் நம் ஒழுக்குக்கும் தொடர்பில்லை. ஆனால் இப்படி ஒரு எண் கையில் கிடைத்தபின் எழுதாமல் விட மனம் வருமா? ஆய்வேடு எழுதியவர்களுக்கு இந்த நோய் புரியும். ரேடியேட்டர் குமரிக்கண்டத்திலேயே இருந்தது என்று நிறுவ விரும்புவோர் தனிக்கட்டுரை வரைந்துகொள்ளலாம். கண்டமே கடலுக்குள் போனதால் அவர்களுக்கு ஒழுக்குச் சிக்கல் எழவில்லை.

இனி இலக்கணம். ஒழுக்கு அகம், புறம் என இருவகைப்படும். ஹோஸ், ரேடியேட்டர், டப்பாவின் விரிசல் ஆகியவை புறம். நாலு பேர் பார்க்க ஒழுகும். என்ஜினுக்குள்ளேயே ஒழுகி மறைவது அகம். ஆயில் மூடியின் அடியில் பால்காப்பி நிறத்தில் ஆடை படிவதும், வெள்ளைப் புகையும், டப்பாவில் குமிழி எழுவதும் அதன் மெய்ப்பாடுகள். அகத்திணையில் தலைவன் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது. அதே முறையில், அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற பெயரை எடுத்த எடுப்பில் உச்சரிப்பதில்லை. “பார்க்கலாம் சார், வேற ஏதாவது இருக்கும்” என்பார். சொல்லிவிட்டால் செலவு.

வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியே கசிந்து நேரடியாகக் காட்டிக்கொடுத்துவிடும். இத்தகைய வெளிப்படையான உறுப்பால் ஆய்வுக்குப் பயனில்லை.

ஹீட்டர்: சென்னையில் யாரும் தொட்டதில்லை.

இப்போது மூலபாடத்துக்கு வருவோம். எதிர்வீட்டு மாமா சொன்ன முறைப்படி, பார்சல் வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரவில் வண்டிக்கு அடியில் விரித்துவைத்தோம். விடியலில் எடுத்தால் கறைகள். இவையே ‘கே.கே. நகர் அட்டைச் சுவடிகள்’. ஏ.சி. தண்ணீர் காய்ந்தபின் சுவடே தெரியாது. என்ஜின் ஆயில் கறுத்து, ஓரத்தில் மஞ்சள் வளையம் கட்டும். டீசல் பரவும், மணக்கும். கூலன்ட் மட்டும் பச்சையாகப் பிசுபிசுத்து நிற்கும். இதுவரை கருத்து வேறுபாடு இல்லை.

சிக்கல் அட்டை ‘ஈ’யின் வலது மூலையில் தொடங்குகிறது. அங்குள்ள மஞ்சள் கறை ரேடியேட்டர் வால்வின் வாய்மொழி என்பது மாமா உரை. இஸ்திரிக்காரர் ஒரே வரியில் அதை மறுத்தார்: “அது நாய் சார்.” தெருநாய் டயரைத் தேர்ந்தெடுத்துச் செய்த அந்த இடைச்செருகலை மூலத்திலிருந்து பிரிக்கவே பெரும்பொழுது சென்றது. காண்க: அட்டை ‘ஈ’, மாமா உரை, அதன் மேல் இஸ்திரிக்காரர் மறுப்பு, மறுப்பின் மேல் டீக்கடைப் பெஞ்சு அரும்பதக் குறிப்பு, இரண்டாம் டீக்குப்பின் திருத்திய பதிப்பு, அத்திருத்தத்தைக் காவலாளி இரவு முழுதும் விழித்திருந்து ஒப்புநோக்கியதாகச் சொல்லும் செவிவழிச் செய்தி (அவர் தூங்கினார் என்பது வேறொரு பாடம்). மாமா விடவில்லை. முன்சக்கரத்தடியில் இருந்த கறையையும் பின்கண்ணாடியில் படிந்த ஆவியையும் சேர்த்துப் பொருள் கொண்டார். எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய் மாட்டுகிறார் என்று நச்சினார்க்கினியரை மறைமலையடிகள் கடிந்துகொண்டார். நச்சினார்க்கினியரிடம் புலமையாவது இருந்தது.

இதே கட்டத்தில்தான் ஒரு பேராசிரிய நண்பர் அட்டைகளைப் பார்த்துவிட்டு, கருத்தரங்க மலரில் போட்டுவிடலாம், ஐ.எஸ்.பி.என். எண் உண்டு, கட்டணம் கட்டினால் போதும், கட்டுரையைப் பிறகு அனுப்பலாம் என்றார்.

ஆய்வாளர் அனைவரையும் திகைக்கவைத்த உண்மை ஒன்று உண்டு. எந்த ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிப்போனாலும் அங்கே வண்டி ஒழுகவில்லை. சூடான என்ஜினைத் துடைத்து, டார்ச் அடித்து, “சுத்தமா இருக்கே சார்” என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஆறியபின் அட்டை நனைந்தது. வண்டி வேண்டுமென்றே செய்கிறது என்ற உளவியல் அணுகுமுறைக்கு அப்போது ஆதரவு பெருகியது.

கடைசியாகப் பார்த்த மெக்கானிக் எதையும் படிக்கவில்லை. அட்டைகளைக் காட்டியபோது ஒன்றை வாங்கிக் கீழே போட்டு, அதன்மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டார். “ராத்திரி வண்டி இங்கயே நிக்கட்டும்ணே” என்றார். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி ஒரு பார் அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். கீழ் ஹோஸ் என்ஜினைச் சேரும் இடத்தில் பச்சை முத்து ஒன்று உருண்டு நின்றது. சுற்றிலும் வெள்ளை உப்புப் படிவு. பல நாள் கதை. யாரோ எப்போதோ பழைய ஸ்பிரிங் கிளிப்பைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூ கிளிப் போட்டிருந்தார்கள். ஸ்பிரிங் கிளிப் ரப்பர் சுருங்கும்போது கூடவே இறுகும். ஸ்க்ரூ கிளிப் முடுக்கிய இடத்திலேயே நிற்கும். கிழட்டு ஹோஸ் சூட்டில் விரிந்து வாயடைத்துக்கொள்ளும், ஆறினால் சுருங்கி வழிவிடும். பகலில் பார்த்தவர்களுக்கு அகப்படாததன் காரணம் அவ்வளவுதான். ஹோஸையும் மாற்றி, ஸ்பிரிங் கிளிப்பே போட்டு, போர் தண்ணியை ஊற்றாதீங்க, உப்புக் கட்டும், கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றுங்க என்றார். அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கே.கே. நகரில் அந்த வசதி தேவைப்படாது. கொதிநிலை உயரவும் துரு பிடிக்காமல் இருக்கவும்தான் இங்கே அது.

இம்முடிவை மாமாவின் பார்வைக்கு அனுப்பினேன். ஆய்வு முறையியல் தெளிவாக இல்லை, மேற்கோள் ஒன்றுகூட இல்லை, குறிப்பாகத் தமது அட்டை ‘ஈ’ உரை எங்குமே சுட்டப்படவில்லை என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டார்.