பையளவியல்: மாட்டுங்காவின் மக்கள்தொகை குறித்த ஓர் ஆய்வு

வசதியும் குடும்பப் பற்றும் ஒருங்கே வாய்த்த புறநகரின் மக்களை எண்ணிவிடுவது எளிது என்னும் நம்பிக்கை மும்பையின் மாட்டுங்காவில் நிலைப்பதில்லை. அரசின் கணக்கெடுப்பு, ஒருவர் வழக்கமாக வசிக்கும் வீடு எது என்று கேட்டு அங்கேயே அவரை எழுதிக்கொள்கிறது; மாட்டுங்காக்காரர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்களோ செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் உறங்கி எழுகிறார்கள். ஆகவே இக்கட்டுரை தலையை விடுத்துப் பையை எண்ணுகிறது. ‘பை’ என்பது இங்கே இரண்டு கைப்பிடிகளும், அடியில் காப்பிப்பொடியும், மேலே நசுங்காமல் வைக்கப்பட்ட பூவும், வாயைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் முருங்கைக்காயும் உடைய கொள்கலனைக் குறிக்கும். முருங்கைக்காய் நீட்டாத பையை ஆய்வு ஏற்பதில்லை.

புறநகரின் தோற்றத்துக்குக் காரணம் எலி. 1896-இல் பம்பாயில் பரவிய பிளேக், நெரிசலும் காற்றோட்டமின்மையுமே நோயின் தாய் என்று ஆட்சியாளரை எண்ணவைக்க, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்து, தாதர், மாட்டுங்கா வயல்வெளிகளில் அகன்ற சாலைகளும் தோட்டங்களும் திட்டமிடப்பட்டன. ஃபைவ் கார்டன்ஸும், இன்று மகேஸ்வரி உத்யான் என்று பெயர் மாறியும் எல்லோராலும் கிங்ஸ் சர்க்கிள் என்றே அழைக்கப்படும் வட்டமும் அந்த வரைபடத்தின் மிச்சங்கள். பின்னர் எழுந்த அடுக்ககங்களில், அலுவலக வேலை தேடிச் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் குடியேறின. நிகில் ராவ் என்னும் வரலாற்றாசிரியர் 2013-இல் வெளியிட்ட நூலில், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை கொண்ட இந்தக் குடியிருப்பு முறையை ஆசாரமான குடும்பங்கள் எப்படி ஏற்றுக்கொண்டன என்பதை விரிவாக ஆராய்கிறார். கொல்லைப்புறத்துக் கோடியில் இருக்கவேண்டியது சமையலறைக்கு ஒரு சுவர் தள்ளி வந்து நின்றபோது ஆசாரம் சற்றே விலகி அமர்ந்துகொண்டது. வாடகை மலிவாக இருந்தால் சாஸ்திரத்துக்கும் இடுப்பு வளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வாடகை என்றதும் பகடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழில் பகடி என்றால் கேலி. மும்பையிலோ குடியேறுபவர் முதலில் பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பிறகு தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகையில் இருக்கும் முறைக்கு அதே பெயர். 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தோடு கட்டிப்போட்டதால், மதிப்பில் கோடிகளைத் தொடும் வீட்டில் இருப்பவர், ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவை எட்டாத மாத வாடகை ரசீதைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது இங்கே இயல்பு. இரண்டு பொருளும் ஒன்றே என்னும் ஐயம் அந்த ரசீதைப் பார்க்கும் எவருக்கும் எழும், வீட்டுச் சொந்தக்காரருக்கு ஐயமாகவே இராது. இவ்வகைச் செல்வத்தை ‘நிலைச்செல்வம்’ எனலாம்: விற்றால் கோடி, விற்காதவரை கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்டு வாங்கும் உரிமை.

உணவு வழியாகப் பார்த்தால் மக்கள்தொகையின் மாற்றம் தெளிவாகத் தெரியும். இன்று மாட்டுங்காவின் படிக்கட்டுகளில் குஜராத்தியும் கச்சி மொழியும் தமிழைவிட உரக்கவே கேட்கின்றன, இட்லிக் கடைகளிலும் ஜைன சாம்பார் தனியே கிடைக்கிறது. வெங்காயமும் பூண்டும் சேராத இச்சாம்பாரைப் புதுமை என்று வியப்பவர்கள், பண்டிகை நாளில் தம் பாட்டி வைத்ததும் இதையேதான் என்பதை மறந்தவர்கள். காப்பியில் மட்டும் சமரசத்துக்கு இடமில்லை. பீபெரி எத்தனை, பிளாண்டேஷன் ஏ எத்தனை, சிக்கரி உண்டா என்னும் மூன்று கேள்விகளுக்கும் தயங்காமல் விடை சொல்பவரின் குடும்பம் இரண்டு தலைமுறைக்குக் குறையாமல் இப்பகுதியோடு தொடர்புடையது என்று முடிவு கட்டலாம். தயங்குபவர் மருமகனாக வந்தவர்.

வெளியேறியவர்கள் ஏன் திரும்பி வருகிறார்கள்? 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியில் படித்த நினைவும், 1963-இல் திறந்து, 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் எழுந்த சண்முகானந்தா அரங்கின் கச்சேரிகளும், ஆஸ்திக சமாஜத்துக் கோயிலும் காரணங்களாகச் சொல்லப்படும். பை வேறு சொல்கிறது. விரைவு லோக்கல் வண்டிகள் மாட்டுங்காவில் நிற்பதில்லை. டோம்பிவிலிக்காரர் தாதரில் இறங்கி, மெதுவண்டிக்கு மாறி, ஒரு நிலையம் பின்னோக்கி வந்து, வாழையிலைக் கட்டோடும் பஞ்சாங்கத்தோடும் அதே வழியில் நெரிசலில் திரும்புகிறார். இவையெல்லாம் இன்று அவர் தெருமுனையிலேயே கிடைக்கும். இத்தனை சிரமத்தோடு வாங்கப்படும் பொருள் வாழையிலையாக இருக்க முடியாது, அது முகவரி.

பையளவியலுக்கு ஒரே ஓர் இடர்ப்பாடு தாராவியிலிருந்து வருகிறது. சயானைத் தாண்டினால் எட்டிவிடும் தொலைவில், தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழியினர் தமிழ் பேசியே வாழ்கிறார்கள். அவர்களில் பலர் விடியுமுன் இட்லி அவித்து, பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி நகரெங்கும் போகிறார்கள். அவர்களும் குடும்பப் பற்று மிக்கவர்கள், தமிழர்கள், இப்பகுதியின் சாலைகளை எந்தப் பஞ்சாங்கக்காரரையும்விட நன்கு அறிந்தவர்கள். எனினும் அவர்கள் கொண்டுவருவது பையன்று, அண்டா. அதில் முருங்கைக்காய் நீட்டுவதுமில்லை. மேலே தந்த வரையறையின்படி அவர்களை மாட்டுங்காவின் கணக்கில் சேர்க்க வழியில்லை என்பதை ஆய்வு தன் காலை இட்லியை முடித்தபின் பதிவு செய்கிறது.