பாடச் சுமை குறைந்தது

மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அரசியல் நூலில் ‘ஜனநாயகத்துக்கான சவால்கள்’ என்றொரு பாடம் இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு மாணவர்களின் சுமையை இறக்கிவைக்கக் கிளம்பியவர்கள் அதைத் தூக்கிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு வரைக்குமாவது ஜனநாயகத்துக்கு இனிச் சவாலே கிடையாது.

கூடவே மக்கள் போராட்டங்களைப் பற்றிய பாடமும் போனது. நேபாளத்தில் 2006இல் மன்னரை எதிர்த்து ஜனங்கள் திரண்டது, பொலிவியாவில் தண்ணீரைத் தனியாரிடம் கொடுத்து விலையை ஏற்றியதும் ஊரே கொதித்தது எல்லாம் அதில்தான் இருந்தன. பதினைந்து வயதுப் பிள்ளை இதைப் படித்துவிட்டுத் தெருக்குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டுத் தொலைத்தால்?

கத்தரிக்கோல் ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமில்லை. 2012இல், காங்கிரஸ் ஆட்சியில், அம்பேத்கரைப் பற்றிய பழைய கேலிச்சித்திரம் ஒன்றால் நாடாளுமன்றம் அமளிப்பட்டது. பதினோராம் வகுப்பு நூலிலிருந்து சித்திரத்தை எடுக்க அரசு உடனே சம்மதித்தது. அரசியல் நூல்களின் தலைமை ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள்.

2023இல் வெட்டுகளைப் பார்த்த அதே இருவர், நூல்களில் இன்னும் இருந்த தங்கள் பெயரையும் வெட்டிவிடும்படி என்சிஇஆர்டிக்கு எழுதினார்கள். அங்கே மட்டும் கத்தரி மழுங்கிவிட்டது. நூல் கூட்டு உழைப்பாம், விலக வழியில்லையாம். மறு ஆண்டு வந்த அச்சிலும் பெயர்கள் அப்படியே இருக்க, வழக்குப் போடுவோம் என்று மறுபடி கடிதம் போட்டார்கள்.