ரெப்போவுக்கு நாள் நட்சத்திரம்

கேள்வி: ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கும் நாள் பார்த்துப் பங்கு வாங்கலாமா?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: வாங்கலாமே, ராகுகாலமும் பார்த்துக்கொள்ளுங்கள்! 2020 மார்ச் 27-ல் ரெப்போ வட்டியை 5.15-லிருந்து 4.40 சதவீதத்துக்கு வெட்டினார்கள். அன்று சென்செக்ஸ் ஏறவில்லை. 131 புள்ளி இறங்கியது. 23-ந் தேதியே 25,981-க்கு விழுந்து, அந்த வருஷத்தின் ஆகக் குறைந்த அளவில் முடிந்திருந்தது. 'இதுதான் அடிமட்டம்' என்று அன்று யாரும் தண்டோரா போடவில்லை. வருஷக் கடைசியில் 47,700-ஐத் தாண்டியது. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்காவிட்டால் தஞ்சாவூர்க்காரர் நிலத்தையா விற்கிறார்? குறுவை போனால் சம்பா என்று இருக்கிறார். நீங்களும் அப்படியே, நாள் பார்க்காமல் மாதாமாதம் பங்கில் கொஞ்சம் போட்டு வாருங்கள். அடுத்த தையில் கல்யாணம் என்றால் அதற்கான காசை மட்டும் வங்கியிலேயே வையுங்கள். சரியான நாள் எனக்குத் தெரிந்திருந்தால், இந்தப் பக்கத்துக்கு வேறு ஆள் அல்லவா பதில் எழுதிக்கொண்டிருப்பார்!