கோயமுத்தூர் வண்டிக்கு ஊட்டிக் குளிர்

ஏன்டா மாப்ளே, வெடியால வண்டியை எடுத்தா முன்கண்ணாடி பூராப் பனி, ஹீட்டரைத் திருப்பினா மொகத்துல ஐஸ் காத்து, கண்ணாடி கழுவற பட்டனை அமுக்கினா ஒரு சொட்டு வரலைன்னு உங்கம்மாகிட்ட போன்ல பொலம்புனயாமே? அவ உடனே எனக்குப் போனைப் போட்டு, “அண்ணா, பையன் ஊட்டில நடுங்கறான், ஒரு வழி சொல்லு”ங்கறா. கம்பளி வாங்கிக் குடும்மான்னேன். கோவிச்சுக்கிட்டா. அப்புறம்தான் விசயமே வெளிய வருது. மெக்கானிக் ஒருத்தன் டேஷ்போர்டை இறக்கோணும், ஹீட்டர் பெட்டியைப் பூரா மாத்தோணும், வாஷருக்குப் புது மோட்டார் போடோணும்னு ஒரு தொகையைச் சொன்னானாம். எம்பிஏ படிச்ச என்ற மருமவன் சரிங்கண்ணான்னு தலையை ஆட்டிப்போட்டு வந்துட்டானாம்.

தலையாட்டறதுக்கு முன்னால பானெட்டைத் தொறந்து பாத்தயாடா? பாத்திருக்க மாட்டே. பானெட் தொறக்கற கொக்கி எங்க இருக்குதுன்னே தெரிஞ்சிருக்காது. போகட்டும், கேளு.

உனக்கு ஹீட்டர்னா பாத்ரூம் கெய்சர்னு நெனப்பு. கரண்ட்ல சூடாகற கம்பி உள்ள இருக்குது, அது தீஞ்சு போச்சு, மாத்தோணும்னு எவன் சொன்னாலும் நம்பிப்போடுவே. உன்ற வண்டில அப்படி ஒரு கம்பியே கெடையாது. இஞ்சினைச் சுத்தி ஓடிச் சூடாகற தண்ணில கொஞ்சத்தைப் பிரிச்சு, ரெண்டு ரப்பர் ஹோஸ் வழியா டேஷ்போர்டுக்குப் பின்னால இருக்கற ஒரு குட்டி ரேடியேட்டருக்கு அனுப்பறாங்க. அது மேல ஃபேன் காத்தடிக்குது. இஞ்சின் வேண்டாம்னு வெளிய தள்ற சூட்டைத்தான் நீ காயறே. வெறகுச் செலவு இல்லாத அடுப்பு. அதனால ஹீட்டர்ல சூடு வரலைன்னா, இஞ்சின்ல சூடு இருக்குதா, இருந்தா வழில எங்க மறிச்சு நிக்குதுன்னு தேடறதுதான் வேலை. டேஷ்போர்டை இறக்கறது கடைசிக் கதை.

வண்டி இதுக்கு முன்னால எந்த ஊர்ல இருந்துச்சு? கோயமுத்தூர். அங்கதான் சூட்சுமமே இருக்குது. கீழ்நாட்டு மெக்கானிக்குக்குச் சூடுன்னாலே பகை. சித்திரை வெயில்ல உக்கடம் சிக்னல்ல வண்டி நின்னு ஆவி பறக்கறதைத்தான் அவன் கண்டிருக்கான். ஹீட்டரை எவன் போட்டான் அங்க? அதனால குட்டி ரேடியேட்டர் சித்தே ஒழுகினா, ரெண்டு ஹோஸையும் கழட்டி, நடுவுல ஒரு பைப் துண்டைச் சொருகி, கிளிப்பை முறுக்கி, “பைபாஸ் போட்டாச்சுங்க”ன்னு அனுப்பிப்போடுவான். ஓனருக்கும் சந்தோசம், செலவு மிச்சம். நீ வாங்கினது அந்த மாதிரி வண்டியா இருந்தா, ஹீட்டர் லீவர் மட்டும்தான் உனக்கு வந்திருக்குது. டேஷ்போர்டை நாலு தரம் இறக்கி ஏத்தினாலும் சூடு வராது. இஞ்சினுக்குப் பின்னால இருக்கற தகடு சுவத்தைப் பாரு. ரெண்டு குட்டிக் குழாய் மொட்டையா நீட்டிக்கிட்டு நின்னா விசயம் அங்கயே முடிஞ்சுது.

அவன் பண்ற இன்னொரு வேலை இதை விட மோசம். தெர்மோஸ்டாட்னு ஒரு சின்ன வால்வு இருக்குது. இஞ்சின் தண்ணி சுமார் 82 டிகிரி ஆகற வரைக்கும் ரேடியேட்டர் பக்கம் விடாது. இஞ்சின் சீக்கிரம் சூடாகோணும்னுதான் அதை வெச்சிருக்கறதே. வண்டி ஒரு தரம் ஓவர்ஹீட் ஆச்சுன்னா நம்மாளு அதைப் புடுங்கி வீசிப்போட்டு, “இனிமே சூடே ஆகாது, தைரியமாப் போங்க”ம்பான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து ஊட்டைக் கொளுத்தின கதை. கோயமுத்தூர்ல அது வெளிய தெரியாது. ஊட்டி 2240 மீட்டர் ஒசரத்துல இருக்குது. அங்க மார்கழிக் காலைல இஞ்சின் சூடாகறதுக்குள்ள நீ ஆபீஸ் போய்ச் சேந்திருப்பே. பெட்ரோலும் எச்சாக் குடிக்கும், இஞ்சினும் தேயும். டெம்பரேச்சர் முள்ளைப் பாரு. ஓட்ட ஆரம்பிச்சு நெம்ப நேரமாகியும் அது அடியிலயே படுத்துக் கெடந்தா, தெர்மோஸ்டாட் இல்லை, இல்லைன்னா தொறந்தபடியே மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையத்துக்கு 14 கொண்டை ஊசி இறங்கறப்ப, இஞ்சினுக்கு வேலையே இல்லாம முள்ளு கீழ வந்தா சந்தேகமே வேண்டாம். ஹீட்டர் பெட்டி மேல பழி போடாம, புது தெர்மோஸ்டாட்டும் ஒரு கேஸ்கட்டும் வாங்கு.

முள்ளு நடுவுல நல்லா நிக்குது, ஆனாலும் காத்து சில்லுன்னு வருதா? அப்பக் கையால பாரு. இஞ்சின் சூடானதும் ஹீட்டர் லீவரைச் செவப்புப் பக்கம் தள்ளி, கொஞ்ச நேரம் ஓட விட்டு, ஆஃப் பண்ணிப்போட்டு, துணியைச் சுத்தி அந்த ரெண்டு ஹோஸையும் தொடு. ஓடற ஃபேன்ல கையை விட்டுட்டு மாமன் சொன்னாருன்னு என்ற பேரைக் கெடுக்காதே. ரெண்டுமே சூடுன்னா தண்ணி ஒழுங்காப் போய் வருது. உள்ள காத்தைத் திருப்பற கதவோ, லீவர் கேபிளோதான் கழண்டிருக்கும். கேபிள் கிளிப் ஒண்ணு தெறிச்சதுக்குப் பெட்டியையே மாத்தினவங்களை நான் பாத்திருக்கேன். ஒண்ணு சூடு, ஒண்ணு பச்சைத்தண்ணின்னா உள்ள அடைச்சிருக்குது. தண்ணி வால்வு இருக்கற வண்டின்னா அது மூடிக் கெடக்கலாம். ரெண்டுமே சில்லுன்னு இருந்தா ரேடியேட்டர்ல தண்ணி கொறைஞ்சிருக்கும், இல்லை காத்து அடைச்சிருக்கும்.

அடைப்புக்குக் காரணம் யாரு? நீங்கதான், படிச்ச ஆளுங்க. கூலன்ட் வெலை ஜாஸ்தின்னு போர் தண்ணியை ஊத்துவீங்க. உப்பும் துருவும் சேந்து செங்கல் கலர்ல கொழம்பு மாதிரி நிக்கும். ரெண்டு ஹோஸையும் கழட்டி, தண்ணி வெளிய வர்ற பக்கத்துல இருந்து தோட்டத்து ஹோஸைச் சன்னமாத் தொறந்து விடு. கலங்கல் போய்த் தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் விடு. சீக்கிரம் ஆகட்டும்னு பஞ்சர் கடைக் காத்தை உள்ள அடிச்சயோ, பழைய கோர் பொத்துக்கும். அப்ப மெக்கானிக் சொன்ன தொகை நெஜமாவே வந்து சேரும். அப்புறம் கூலன்ட்டும் பேட்டரித் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்து. ருசி இனிப்பா இருக்கும், வெசம். கீழ சிந்தினதை நாய் நக்கினா செத்துப்போயிரும், தண்ணி ஊத்திக் கழுவி விடு.

ஊத்தறப்ப வண்டி மூஞ்சி மேட்டுப் பக்கம் பாத்து நிக்கட்டும். உங்கூர்ல மேட்டுக்கா பஞ்சம்? ஹீட்டர் லீவரைச் சூட்டுல வெச்சு, மூடியைத் தொறந்தபடி இஞ்சினைப் பச்சையா இருக்கறப்பவே ஸ்டார்ட் பண்ணி ஓட விடு. மட்டம் எறங்க எறங்க ஊத்திக்கிட்டே இரு, குமிழி வர்றது நின்னதும் மூடு. சூடான வண்டில அந்த மூடி மேல கை வெக்காதே. மூடி ரப்பர் பிஞ்சிருந்தா அதையும் மாத்து. ஊட்டி ஒசரத்துல தொறந்த பாத்திரத்துத் தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சுப்போயிரும். மூடி அழுத்தம் பிடிச்சாத்தான் 110 தாண்டியும் கொதிக்காம நிக்கும். மேல வந்ததும் சோறு வேகலைன்னு உன்ற சம்சாரம் சொன்னாளே, அதே சங்கதிதான்.

இன்னொண்ணு. வண்டிக்குள்ள தித்திப்பா ஒரு வாசம், பக்கத்து சீட்டுக் காலடில ஈரம், கண்ணாடி உள்பக்கம் தொடைக்கத் தொடைக்கப் பிசுபிசுன்னு ஒரு படலம். இது மூணும் இருந்தா ஊதுபத்தி வெக்காதே. குட்டி ரேடியேட்டர் ஓட்டை. அப்ப மட்டும் டேஷ்போர்டை இறக்கு, நானே சொல்றேன்.

ஃபேன் கடைசி நம்பர்ல மட்டும் சுத்துதா? ரெசிஸ்டர் போச்சு. சுத்தவே இல்லையா? ஃபியூஸ். நல்லாச் சுத்தியும் காத்துல தம் இல்லையா? கண்ணாடிக்குக் கீழ காத்து போற சல்லடைல தைல மரத்து எலையும் எலிக்கூடும் குடியிருக்கும். ஒரு பை எடுத்துக்கிட்டு உக்காந்து அள்ளு.

பனிக்கு வருவோம். கண்ணாடி உள்ள மூடறதுக்கு முக்காவாசிக் காரணம் ஹீட்டரே இல்லை, உன்ற மூச்சு. குளுருதுன்னு கண்ணாடியெல்லாம் ஏத்தி, உள்காத்தையே சுத்த விடற லீவரைப் போட்டு, நனைஞ்ச ஜெர்கினைப் பின்சீட்டுல விரிச்சு, நாலு பேர் உக்காந்து வடை தின்னுக்கிட்டு வந்தா அங்க மழையே பெய்யும். லீவரை வெளிக்காத்துக்கு மாத்து. ஏசி இருக்கற மாடல்னா மழைக்காலத்துல ஹீட்டரோட அதையும் சித்தே போடு, ஏசி ஈரத்தை உறிஞ்சிரும். ஹீட்டரோட ஏசியான்னு சிரிக்காதே. நான் உருளைக்கெழங்கு லோடு இறக்கின காலத்துல லாரிக்கு ஹீட்டர் ஏது? இஞ்சின் பெட்டி கேபினுக்குள்ள, தொடைகிட்ட. இடது கால் வேகும், வலது கால் வெறைக்கும். கண்ணாடில மழைத்தண்ணி நிக்காதுன்னு பொயலையைத் தேச்சுக்கிட்டு வண்டி ஓட்டினோம்.

தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி பிடிக்கற நாள்ல, கண்ணாடி மேல கொதிக்கற தண்ணியை ஊத்தற புத்திசாலிங்க ரெண்டு மூணு பேர் உங்க தெருவுலயே இருப்பாங்க. ஒரு மயிர்க்கோடு கீறல் இருந்தாலும் போதும், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் படார்னு ஓடும். உன்ற பர்சுல நாலஞ்சு கார்டு இருக்குதே, அதுல பணமே இல்லாத ஒண்ணை எடுத்துச் சொரண்டு. ரவைக்கே ஒரு சாக்கை மூடி வெச்சா அந்த வேலையும் இல்லை.

இப்ப உன்ற வாஷர். இதுக்கும் புது மோட்டார்னானா அவன்? அமுக்கினப்ப சத்தம் வந்துச்சான்னு கேட்டானா? கேக்கலை பாரு. சாவியைப் போட்டு, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம, பாட்டையும் நிறுத்திப்போட்டு பட்டனை அமுக்கு. “உய்ய்”னு சத்தம் வந்தா மோட்டார் உசுரோட இருக்குது. மொதல்ல வாஷர் பாட்டில்ல தண்ணி இருக்குதான்னு பாரு, சிரிக்காதே, பாரு. வெறும் பாட்டிலோட அமுக்கிக்கிட்டே இருந்தாத்தான் மோட்டார் தீயும். தண்ணி இருந்தும் வரலைன்னா, பாட்டில்ல இருந்து பானெட் வரைக்கும் ஓடற அந்த மெல்லிசு டியூப்பைக் கையால தடவிக்கிட்டே போ. கீல்கிட்ட மடங்கி நசுங்கியிருக்கும், இல்லை ரெண்டாப் பிரியற டி ஜாயின்ட்ல கழண்டிருக்கும், இல்லை எலி கடிச்சிருக்கும். கடிச்ச எடத்தை வெட்டி வீசிப்போட்டு மறுபடி சொருகு. முனை ஏறலைன்னா சுடுதண்ணில முக்கினா எளகும்.

டியூப் நல்லா இருந்தா, நாஸில்கிட்டக் கழட்டிப் பட்டனை அமுக்கு. டியூப்ல தண்ணி பீச்சுதா? அப்ப அடைப்பு அந்தக் கடுகளவு ஓட்டைல. அதுவும் கோயமுத்தூர் போர் தண்ணியோட சீதனம்தான், சுண்ணாம்பாப் படிஞ்சிருக்கும். பட்டன் தைக்கற ஊசியால மொள்ளமா நிமிண்டு. கடப்பாரை போடற மாதிரி குத்தினா ஓட்டை பெருசாகி, தண்ணி பீச்சாம வழியும். நிமிண்டின அழுக்கு உள்ளயே தங்கிராம, டியூப்பை மாட்டறதுக்கு முன்னால வெளிப்பக்கத்துல இருந்து சைக்கிள் பம்ப்ல காத்தடி. சொட்டு வினிகர் விட்டு ஊற வெச்சாலும் சுண்ணாம்பு எளகும்.

சத்தமே வரலைன்னாத்தான் கரண்ட் சமாச்சாரம். ஃபியூஸைப் பாரு, எர்த் ஒயர் முனைல பச்சை பூத்திருக்குதான்னு பாத்துச் சொரண்டு. 12 வோல்ட் பல்பு ஒண்ணுல ரெண்டு ஒயரைக் கட்டி மோட்டார் பிளக்குல வெச்சு, இன்னொருத்தரை அமுக்கச் சொல்லு. பல்பு எரிஞ்சும் மோட்டார் கம்முனு இருந்தா மோட்டார் செத்துப்போச்சு, வாங்கு. எரியலைன்னா சுவிட்ச்சோ ஒயரோ, மோட்டாரை மாத்தி என்ன பண்றது? உக்கடத்துல பழைய சாமான் கடைல உன்ற மாருதி 800-க்குக் கெடைக்காத பார்ட் இல்லை. 1983 டிசம்பர் 14 அன்னைக்கு இந்திரா காந்தி கையால சாவி குடுத்து வெளிய வந்து, 2014 ஜனவரி வரைக்கும் ஓயாம செஞ்ச வண்டி, ஊரெல்லாம் கெடக்குது. 15 வருசம் தாண்டினா ஆர்டிஓ ஆபீஸ்ல மறுபடி காட்டி அஞ்சு வருசத்துக்குப் புதுப்பிக்கோணும், ஞாபகம் இருக்கட்டும். வைப்பரும் பீச்சலும் இல்லாம அங்க போய் அசடு வழியாதே.

பாட்டில்ல எதை ஊத்தறதுன்னா, நல்ல தண்ணி, அதுல நாலு சொட்டு ஷாம்பு. துணி தொவைக்கற பவுடரைக் கரைச்சு ஊத்தினா நொரை கட்டி மறுபடி அடைக்கும். வழில ஊத்திக்கலாம்னு பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி கொண்டு போகாதே, நீலகிரில அது தடை, செக்போஸ்ட்டுல புடுங்கிக்குவாங்க. செம்பு ஒண்ணு வெச்சுக்க, அத்தைகிட்டச் சொல்லி எடுத்து வெக்கறேன்.

கடைசியாக் குறி பாக்கோணும். ஊசியை ஓட்டைல சொருகி, அந்தக் குட்டி உருண்டையைத் திருப்பி, கண்ணாடில பாதிக்குச் சித்தே மேல படற மாதிரி வை, ஓட்டறப்பக் காத்து கீழ அமுக்கும். எச்சாத் தூக்கி வெச்சயோ, தண்ணி கூரையைத் தாண்டிப் பின்னால புல்லட்டுல வர்றவன் மூஞ்சில போய் அடிக்கும். அவன் மறிச்சு நிறுத்தி வந்து கேட்டா, மெக்கானிக் இப்பத்தான் புது மோட்டார் போட்டானுங்கன்னு சொல்லிப்போட்டு, கண்ணாடியை ஏத்திக்க.