மருந்துக்கு வழிமறிக்கும் புழு

கேள்வி: வெள்ளாடுகளுக்குக் குடற்புழு மருந்து ஊற்றியும் தாடை வீக்கம் வற்றவில்லை. மருந்து போலியா?
(வாசகர், பாலவனத்தம்)

பதில்: மருந்தைக் குறை சொல்லுமுன் அது இறங்கிய வயிற்றைப் பாருங்கள். அங்கே குடியிருக்கும் ஹீமாங்கஸ் புழு ஒவ்வொன்றும் நாளுக்கு 0.05 மில்லி ரத்தம் உறிஞ்சும். ஆயிரம் புழு என்றால் 50 மில்லி! பாவம், அந்த வாயில்லா ஜீவன் எப்படித் தாங்கும்? தாடை வீக்கமே இந்த ரத்த இழப்பால்தான். அதோடு விடாமல், நான்காம் வயிற்றின் அமிலத்தையும் குறைத்துவிடுகிறது. அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் போன்ற புழு மருந்துகள் கரைய அந்த அமிலம் வேண்டும். கரையாத மருந்து ரத்தத்தில் சேராமல் புழுக்கையோடு போய்விடும். புகுந்த திருடனே போலீஸ் வரும் பாதையை அடைத்த கதை!

வெள்ளாட்டின் உடம்பு, செம்மறியைவிட வேகமாக மருந்தைக் கழித்துவிடும். செம்மறிக்கான அளவையே கொடுத்தால் தப்பிய புழுக்கள் மருந்தை எதிர்க்கும் வம்சமாகப் பெருகும். அதற்காக நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். லெவாமிசோல் என்ற புழு மருந்து மிகுந்தால் ஆட்டுக்கே ஆபத்து.

மருந்தளவுக்கு ஆட்டின் எடையைக் கண்மதிப்பில் போடாமல் தராசில் நிறுத்துங்கள். ரத்தம் குறைந்து கீழிமை வெளுத்த ஆட்டை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து கொடுக்குமுன் ஒருமுறையும், கொடுத்த 14ஆம் நாள் ஒருமுறையும் புழுக்கையில் புழு முட்டை எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். 95 சதவீதம் குறையவில்லையென்றால், மருந்தின் வகையையே மாற்றித் தரக் கேளுங்கள்.