உவர்மலையில் பனி விழுகிறது

திருகோணமலையில் பென்சன் எடுத்த ஆம்பிளைகளுக்கு இரண்டு வழிதான். கோயில் பரிபாலன சபையில் சேர்ந்து பழைய செயலாளரின் கணக்கைக் கிளறலாம். இல்லாவிட்டால் வேலி எல்லைக்காகப் பக்கத்துக் காணிக்காரரோடு வழக்காடலாம். இரண்டுக்கும் மனம் ஒப்பாத சாதுக்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள்தான் கடைசியில் கத்தியைத் தூக்குகிறார்கள்.

பயப்பட வேண்டாம். பெயின்ற் அப்பும் கத்தி.

இப்படி ஒருவர் உவர்மலையில் இருப்பார், ஒருவர் பாலையூற்றில், இன்னொருவர் லிங்கநகரில். ஆள் மாறினாலும் படம் மாறாது. ஆகவே ஒருவராகவே வைத்துப் பேசுவோம். கச்சேரியிலோ, துறைமுகத்திலோ, சீனக்குடா மா ஆலையிலோ கிளாக்கராகச் சேர்ந்து, பெரிய கதிரைக்கு வந்து, மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். உத்தியோக காலம் முழுக்கப் பேனாவைத் தவிர வேறொரு ஆயுதத்தையும் தொட்டதில்லை. ஊரில் அவருக்குக் 'கத்தி ஐயா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். முகத்துக்கு நேரே சொன்னாலும் சந்தோஷப்படுவார்.

தொடக்கம் எல்லாருக்கும் ஒன்றே. கனடாவில் இருக்கும் மகள் ஒரு ரப்லெற் அனுப்புவாள். அதில் தேவாரம் கேட்கப் போனவர், விரல் தவறி பொப் ரொஸ்ஸில் போய் விழுவார். சுருட்டை முடிக் கூடு வைத்த அந்த அமெரிக்கர் 1983 தொடங்கி 1994 வரை தொலைக்காட்சியில் அரை மணிக்கு ஒரு படமாக வரைந்து தள்ளியவர். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கத்தியில் வெள்ளையை வழித்து, மலைச் சரிவில் மெதுவாக இழுப்பார், பனி இறங்கிவிடும். அதைப் பார்த்த நிமிஷத்தில் கத்தி ஐயா மனதுக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டார். எல்லாப் பதவியிலிருந்தும்தான். சந்தைக்குப் போகும் பதவி உட்பட.

முதல் பயிற்சி அஸ்ட்ரா மாஜரினில் நடந்தது. காலைப் பாணில் மாஜரினை மேடும் பள்ளமுமாகப் பூசி, "இது மலை, இது பள்ளத்தாக்கு" என்று அவர் காட்ட, மனைவி அந்தப் பள்ளத்தாக்கை வாங்கிப் பேரனுக்குக் கொடுத்துவிட்டார். பிறகு ஹாட்வெயரில் வாங்கிய புட்டித் தகடு. பிறகுதான் ரொறன்ரோவிலிருந்து பார்சலில் அசல் சாமான் வந்தது.

அந்தக் கத்தியைப் பற்றி அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் தேநீர் வரும், கூடவே விரிவுரையும் வரும். நிறம் குழைக்கிற கத்தி நீளம், நேரானது. படம் வரைகிற கத்தி அப்படியில்லை, கழுத்தில் ஒரு வளைவு வைத்து இறங்கும், விரல் முட்டி பெயின்றில் படாதிருக்க. அலகு அரசிலை வடிவில், பேப்பரைப் போல வளையும். பெயின்ற் குவியலின் ஓரத்தில் அலகைச் சரித்து ஒரு இழுப்பு. விளிம்பிலே நூல் கனத்தில் ஒரு வரம்பு ஏறி நிற்கும். அந்த வரம்பைக் கன்வஸில் வைத்து, அமத்தி, நடுவை நோக்கி இழுத்து எடுத்தால் ஒரு இதழ். வெளி ஓரம் தடிப்பு, உள்பக்கம் மெல்லிசு. சிவப்பையும் வெள்ளையையும் ஒரே அலகில் ஏற்றினால் இதழில் நரம்பு தானாக ஓடும். விளிம்பை நட்டுக்கு வைத்துத் தொட்டால் காம்பு. கை பாரத்தை முழுக்க எடுத்துவிட்டு மேலாலே தடவினால் பெயின்ற் விட்டுவிட்டு ஒட்டும். அதுதான் தண்ணீரில் வெயில்.

இவ்வளவும் அவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லவும் தெரியும். அவருக்கு வராத ஒன்று, கையை எடுப்பது. கத்தி வேலையின் சட்டமே வைத்ததை வைத்தபடி விடுவதுதான். இரண்டாம் தரம் தொட்டால் நிறம் மங்கும், மூன்றாம் தரம் சேறு. ஆனால் ஆயுள் முழுக்கக் கோவைகளைத் திருத்திப் பழகிய கை; ஒரு இதழைப் பார்த்துவிட்டு 'சரி' என்று ஒப்பமிட்டு அனுப்ப மனம் வராது. திருத்துவார். திருத்தத்தைத் திருத்துவார். ரோசாத் தோட்டமாகத் தொடங்கிய படம் பின்னேரத்துக்குள் மண்ணிறமாகிவிடும். அதற்கு 'மாரிகால வெள்ளம்' என்று பெயர் வைத்து, கீழே கையெழுத்தும் திகதியும் போடுவார். திகதி போடாமல் ஒரு கடதாசியும் வெளியே போனதில்லை அவர் மேசையிலிருந்து.

படங்கள் எல்லாம் சின்னவை. 5-க்கு 7 அங்குலம். அடக்கம் காரணமல்ல. கத்தி பெயின்றைக் குடிக்கும். ஒரு பெரிய கன்வஸை இப்படி அப்பினால் பென்சனில் பாதி ரைட்டேனியம் வெள்ளைக்கே போய்விடும். அதிலும் இவர் வரைவது பனிமலை. பார்சல் வந்த மாதம் உவர்மலை வீட்டில் கடும் குளிர்காலம். வெள்ளை ரியூப் காலியானதும் பனி உருகி வசந்தம் தொடங்கும். பச்சையும் முடிந்தால் இலையுதிர் காலம். பருவங்கள் இப்படித் தபால் கந்தோரின் சௌகரியப்படி மாறும் நாடு வேறெங்கும் இல்லை. அவசரத்துக்குச் சோக்குத் தூளும் பைண்டர் கம்மும் பெயின்றில் கலந்து தடிப்பாக்குவார். காய்ந்ததும் ஆல்ப்ஸ் மலை வெடித்து மடியில் விழும்.

காய்வது தனிப் பிரச்சினை. ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் அக்ரிலிக் கத்தியிலேயே இறுகிவிடும். சுரண்டுவதற்கு இன்னொரு கத்தி வேண்டும். ஒயில் பெயின்ற் என்றால் எதிர்மாறு. தடிப்பாக அப்பியது கிழமைக்கணக்கில் ஈரமாகக் கிடக்கும், மாரியில் கேட்கவே வேண்டாம். உப்புவெளிக் கடற்கரையில் வைத்து வரைந்த ஒரு படத்தில் அரைக்கரண்டி மணல் ஒட்டியிருக்கிறது. அதைக் குறையாகச் சொன்னவருக்கு அவர் சொன்ன பதிலில் பிழையில்லை: 1882-ல் வான்கோ நெதர்லாந்தில் ஷெவெனிங்கன் கடற்கரையில் வைத்து வரைந்த படத்தில் இன்றைக்கும் மணல் இருக்கிறது, காற்றில் பறந்து ஈரப் பெயின்றில் ஒட்டிய மணல். கூர்பே மட்டும் என்ன, 1869-ல் பிரான்ஸின் எத்ரெத்தா கடற்கரையில் அலைகளைக் கத்தியால்தானே அப்பினார்? "அவையள் செய்தால் கலை, நான் செய்தால் குப்பையோ?" கேள்வி நியாயமானது. பதில் சொல்லாமல் தேநீரைக் குடிப்பது உத்தமம்.

காயாத படத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தபோது ஒரு தரம் பேரன் தவழ்ந்து போய் விரலால் குத்திவிட்டான். பச்சைப் புல்வெளியில் ஆறு குழி. வீடு மூச்சடைத்து நின்றது. கத்தி ஐயா கண்ணாடியைப் போட்டு எண்ணிப் பார்த்தார். ஏழாவது குழியைத் தானே குத்தினார். 'கன்னியா வெந்நீர்க் கிணறுகள்' என்று எழுதினார். அவருடைய படங்களில் திருகோணமலை மாவட்டம் முதன்முதல் இடம்பெற்றது அதில்தான்.

விசித்திரம் இதுதான். மனிதர் இருப்பது உவர்மலையில். முற்றத்துக்கு வந்தால் உள்துறைமுகம் கண் முன்னே விரிந்து கிடக்கும். உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையில் வந்து இதற்காக அடிபட்டார்கள். 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பான்காரன் வானத்தால் வந்து குண்டு போட்டதும் இதற்காக. சீனக்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் விட்டுப்போன 99 எண்ணெய்க் குதங்களைப் பற்றி இன்றைக்கும் இரண்டு மூன்று நாடுகள் கண்ணும் கருத்துமாகப் பேசுகின்றன. இத்தனை பேர் ஆசைப்பட்டுப் பார்த்த காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தி ஐயா கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, ரப்லெற்றைப் பார்த்து, பிரான்ஸின் லவெண்டர் வயலை வரைகிறார்.

"நேரே பாராத ஒண்டை எப்பிடி வரையிறியள்?" என்று கோயில் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டார்.

"சம்பந்தப் பிள்ளையார் கோணேசருக்குப் பதிகம் பாடினாரே, இஞ்ச வந்து பாத்துப்போட்டோ பாடினவர்? இராமேஸ்வரத்தில நிண்டல்லோ பாடினவர்!"

ஐதீகம் அப்படித்தான். நண்பர் வாயை மூடிக்கொண்டார். பாடல் பெற்ற தலத்துக்காரரோடு தர்க்கம் செய்தால் இதுதான் கதி.

சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் துறைமுகத்துக்கு முதுகு காட்டுகிற பழக்கம் அவரோடு பிறந்ததல்ல. யுத்த காலத்தில் அந்தப் பக்கம் கமெராவைத் தூக்கினால் கேள்வி வரும். கொப்பியும் பென்சிலுமாகக் குந்தியிருந்தாலும் வரும். கடற்படை முகாமுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் சித்திரப் பாடத்துக்கு வீடும் தென்னையும் சூரியனும் கீறினார்கள். கப்பல் கீறினால் வாத்தியாரே மெதுவாக அழித்துவிடுவார். ஒரு தலைமுறைக்கே கண் வேறு பக்கம் பார்க்கப் பழகிவிட்டது. எல்லாம் ஓய்ந்து பல வருஷத்துக்குப் பிறகு, ஒரு பின்னேரம் கத்தி ஐயா துணிந்து ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு துறைமுகக் கரைக்குப் போனார். தண்ணீர் வந்தது, மலை வந்தது, ஒரு கப்பலும் வந்தது. பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. திரும்பிப் பாராமலே கத்தியால் ஒரே இழுப்பு. கப்பல் மூடுபனிக்குள் போய்விட்டது. பின்னால் நின்ற சீருடைப் பெடியன் அரைகுறைத் தமிழில் கேட்டான்: "ஐயா, கப்பல் ஏன் அழிச்சது? நல்ல வடிவு."

அன்றைக்கு மட்டும், ஒரே இழுப்போடு கை நின்றதாம். படமும் அவருடைய படங்களிலேயே திறம் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவர் ஒப்புக்கொள்வதில்லை. அதில் திகதி போட மறந்துவிட்டார்.

பிறகு திருக்கடலூர்ப் பக்கம் போய்க் கடலும் வள்ளமுமாக ஒன்று செய்து பார்த்தார். வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவர் எழும்பி வந்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தார்.

"கொடியைப் பாத்தால் கச்சான் அடிக்குது. அலையைப் பாத்தால் வாடை. இந்த வள்ளத்தில ஆர் தம்பி போறது?"

எழுபதை நெருங்கும் மனிதரைத் 'தம்பி' என்றது ஒரு பக்கம். சொன்னது முழுக்கச் சரியாக இருந்தது அதைவிட மோசம். கத்தி ஐயா அந்தக் கடலை அங்கேயே சுரண்டி எடுத்து, மேலே ஒரு பனிமலையை ஏற்றினார். வீட்டுக்கு வந்து மனைவிக்கு விளக்கமும் சொன்னார்: "மலையில ஆரும் வள்ளம் விடமாட்டினம்."

அவருடைய கலைக்கொள்கை முழுவதும் அந்த வசனத்துக்குள் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கடலை வரைந்தால் ஊரே பரீட்சகர். கோணேசர் மலையை வரைந்தால், இராவணன் வெட்டு வலப்பக்கமா இடப்பக்கமா என்று பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கும். பனியைப் பற்றி உவர்மலையில் யாருக்கு என்ன தெரியும்?

தெரிந்தவன் ஒருவன் ஆகஸ்டில் வந்தான். சூரிச்சில் இருக்கிற மருமகன். குடிபூரலுக்கு, பிறந்தநாளுக்கு, கலியாணத்துக்கு என்று கத்தி ஐயா எல்லாருக்கும் கொடுப்பது இந்தச் சின்னப் படங்களைத்தான். உள்ளூர் வீடுகளில் அவை பெரும்பாலும் பழைய பிளக் ஓட்டைகளை மறைத்துத் தொங்குகின்றன. மருமகனுக்கும் ஒன்று சுற்றிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் ஆல்ப்ஸ்.

பெடியன் நல்லவன். முகத்தை மாற்றவில்லை. "வடிவாக் கிடக்கு மாமா," என்றான். கொஞ்ச நேரம் பொறுத்து, பாயாசத்தைக் குடித்துக்கொண்டே, "வெயில் இந்தப் பக்கத்தால வருது. நிழலும் இந்தப் பக்கமே விழுந்து கிடக்கு," என்றான். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "எனக்கு உங்கட முத்தத்தில நிண்டு பாத்தால் தெரியிற துறைமுகம் ஒண்டு கீறித் தருவியளோ? ஆல்ப்ஸ் எங்கட குசினி யன்னலால ஒவ்வொரு நாளும் தெரியும்."

மலையும் கைவிட்டது. மிச்சம் இருந்தது பூ.

பூவிலும் முதலில் ரப்லெற் பூக்கள்தான்: பொப்பி, டியூலிப், லவெண்டர். கடற்கரை முழுக்கப் படர்ந்து ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கிற அடம்பன் கொடியை மிதித்துக்கொண்டு போய்த்தான் லவெண்டர் வரைவார். மருமகன் போன பிறகு ஏதோ ரோசம் வந்து, வீட்டுச் செவ்வரத்தையில் ஒன்றைப் பறித்து, சோடாப் போத்தலில் வைத்து, டச்சுக் குடாக் கரைக்குக் கொண்டுபோனார். இப்போது வீட்டிலே வரைய மனைவி விடுவதில்லை. பழைய சாரமெல்லாம் கத்தி துடைத்தே முடிந்துவிட்டது.

பிரெடெரிக் கோட்டைப் புள்ளிமான்கள் பின்னேரத்தில் அந்தப் பக்கம் உலாத்தும். ஊருக்குப் பழகியவை, பஸ்ஸுக்கும் வழிவிடாதவை. கத்தி ஐயா சிவப்புக்குள் கொஞ்சம் மஞ்சள் விட்டு, பூவை உற்றுப் பார்த்து, முதல் இதழை வைத்தார். உற்றுப் பார்த்தார், இரண்டாவதை வைத்தார். மூன்றாவதற்கு நிறம் குழைத்துவிட்டு நிமிர்ந்தபோது போத்தலில் காம்பு மட்டும் நின்றது. ஒரு மான் நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்த பெடியன் ஓடிவந்து மானைக் கலைத்தான். "ஐயோ ஐயா, வேறொண்டு புடுங்கியரட்டோ?"

கத்தி ஐயா வெறும் போத்தலைப் பார்த்தார். கன்வஸைப் பார்த்தார். நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"தேவையில்லை மோனை. இனித்தான் நிம்மதியா வரையலாம்."